பதவி நான்கு, பொறுப்பு இரண்டு: ஒரு கல்லூரி மாணவியின் மூன்றாண்டுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

தென்சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. பி.எஸ்ஸி. படிப்பு, 2022 முதல் 2025 வரை. கடைசி செமஸ்டரில் மாணவி ரெஸ்யூம் தயாரிக்கிறார். பாடத்துக்கு வெளியே செய்தவை என்று நான்கு வரிகள்: நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் தலைவி, கல்ச்சுரல்ஸ் இணைச் செயலாளர், துறை சிம்போசியம் கோ-ஆர்டினேட்டர், தமிழ் மன்ற உறுப்பினர். மாதிரி நேர்காணலில் ஒவ்வொன்றாக எடுத்து, "இதுல நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டபோது நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: "டீமா சேர்ந்து நல்லா நடத்தினோம் சார்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த நேர்காணலுக்கும் போக முடியாது. அதைவிட வருத்தம், இவர் உண்மையிலேயே கடினமான இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறார். அவை இரண்டுமே அந்த நான்கு வரிகளில் இல்லை. மூன்றாண்டு உழைப்பைத் திரும்பிப் பார்க்கும் முறை சரியில்லாவிட்டால், செய்த வேலை செய்தவருக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இந்த மாணவி ஒரே ஒருவர் அல்லர். சென்னைக் கல்லூரிகளில் அடிக்கடி காணும் போக்குகளைச் சேர்த்து அமைத்த மாதிரி. விதிகள், அளவுகள், பொது நிகழ்வுகள் எல்லாம் உள்ளபடியே.

முதலில் தாள்களைத் திரட்டுதல்

நினைவிலிருந்து எழுதத் தொடங்கினால் பதவிப் பெயர்தான் முதலில் வந்து நிற்கும். அதனால் முதல் வேலை, எழுதாமல் திரட்டுவது. நலப்பணித் திட்ட வேலைக் குறிப்பேடு, ஓ.டி. (கல்லூரிப் பணிக்காக வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டூட்டி’) கடிதங்களின் நகல், ஜி-பே பரிவர்த்தனைப் பட்டியல், தேதி வாரியாகப் போன் கேலரி, வாட்ஸ்அப் குழுக்களின் உரையாடல். வாட்ஸ்அப்பில் குழுவைத் திறந்து, உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியை அழுத்தி, படங்கள் வேண்டாம் என்று தேர்ந்தால் உரையாடல் ஓர் எழுத்துக் கோப்பாக வந்துவிடும். அதில் தன் பெயரைத் தேடினாலே யார் யாரிடம் எதைக் கேட்டார்கள், யார் முடிவு சொன்னார்கள் என்பது தேதியோடும் நேரத்தோடும் கிடைக்கும். இதைக் கடைசி செமஸ்டர் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். குழுவை விட்டு வெளியேறி, போனையும் மாற்றிவிட்டால் பழைய உரையாடலைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

திரட்டியபின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு கேள்விகள். எந்தத் தேதி? எந்த முடிவு என் கையில் இருந்தது? அது தவறியிருந்தால் யாருக்குப் பாதிப்பு? அன்று நான் வராமல் இருந்திருந்தால் எது நின்றிருக்கும்?

கறாரானது நான்காவது கேள்வி. தமிழ் மன்றம் அதில் உடனே விழுந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. சிம்போசியத்தில் போஸ்டர் வடிவமைத்ததும் பெயர்ப் பதிவுப் படிவத்தைக் கவனித்ததும் இவர்தான். ஒரு வரிக்குப் போதும், அதற்கு மேல் இல்லை.

மணிக்கணக்கு சொல்வதும் சொல்லாததும்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. இரண்டும் முடித்தால்தான் சான்றிதழ். அந்த 120 மணியில் 20 அறிமுகப் பயிற்சிக்கு, 30 வளாகப் பணிக்கு, மீதி 70 சமூகப் பணிக்கு என்பது திட்டத்தின் பங்கீடு.

இவருடைய குறிப்பேட்டில் 240 மணியும் நிறைவாக இருந்தது. ஆனால் கேலரியோடு ஒப்பிட்டபோது வேறு கணக்கு தெரிந்தது. ஆறு மணி நேரம் என்று எழுதிய கடற்கரைத் தூய்மைப் பணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தது, சிறப்பு விருந்தினர் பேச்சு, குரூப் போட்டோ, டிபன் எல்லாம் போக, கையில் கையுறை இருந்த நேரம் ஒன்றரை மணிதான். இது ஏமாற்று அல்ல. இத்தகைய நாட்களின் அமைப்பே அப்படி. ஆனால் திரும்பிப் பார்க்கும்போது 240 என்ற எண்ணைத் தன் உழைப்பின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சான்றிதழுக்கான தகுதி, அவ்வளவே.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நாட்களைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நின்றபோது இவர் வீட்டிலிருந்தபடியே மூன்று நாள் தொலைபேசிப் பட்டியல் பராமரித்திருக்கிறார்: எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், கைக்குழந்தை உண்டா, குடிநீர் கேனா நாப்கினா மருந்தா. அந்தப் பட்டியல் இருந்ததால்தான் இரண்டாம் நாள் சாப்பாட்டுப் பொட்டலங்கள் ஒரே தெருவுக்கு மூன்று முறை போகாமல் தடுக்க முடிந்தது. சமைத்த சாம்பார் சாதம் மழைக்கால ஈரத்தில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது; இடம் மாறிப் போனால் குப்பைதான். பதவி இல்லாத வேலை என்பதால் இவரே அதை மறந்துவிட்டிருந்தார்.

ரத்ததான முகாம்

இந்த ஆய்வின் மையம் இதுதான். தேசியத் தன்னார்வ ரத்ததான நாள் அக்டோபர் 1. அதையொட்டிக் கல்லூரி முகாம். இரண்டாம் ஆண்டில் பதிவும் வரிசையும் இவர் பொறுப்பு.

முகாம்களுக்கான விதியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் படுக்கைகளுக்கு ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர். இந்த அணி சுமார் மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 பேரிடம் ரத்தம் எடுக்கலாம். ஐந்து மணி நேரத்தில் 100 முதல் 120 பேர். மாணவர் குழுக்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. "காலை 10 முதல் 1 வரை, அனைவரும் வருக" என்று சர்க்குலர் விடுகிறார்கள். 10:50 இடைவேளையில் வகுப்பு வகுப்பாக வந்து குவிகிறார்கள். ஹாலில் புழுக்கம், காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் நின்றே களைக்கிறார்கள், அடுத்த வகுப்பு மணி அடித்ததும் பாதிப்பேர் போய்விடுகிறார்கள், 12:15-க்குப் படுக்கைகள் காலி. முதல் ஆண்டில் இவர் தொண்டராக நின்ற முகாம் அப்படித்தான் நடந்தது.

அடுத்த ஆண்டு இவர் வரிசையை மாற்றினார். மூன்று மணி நேரத்தில் 60 பேர் என்றால் மணிக்கு 20, கால் மணிக்கு 5. ஆனால் கால் மணிக்கு 5 பேரை அழைத்தால் படுக்கை நிறையாது, ஏனென்றால் பரிசோதனையில் சிலர் திருப்பி அனுப்பப்படுவார்கள். அதனால் 7 பேர். வகுப்புவாரியாக நேரம் குறித்து, வகுப்புக்கு ஒரு தொண்டர் போய் அழைத்து வந்தார். இந்த 5-க்குப் பதில் 7 என்ற முடிவு இவருடையது. வாட்ஸ்அப் குழுவில் முகாமுக்கு முந்தைய ஞாயிறு இரவு அது எழுத்தில் இருக்கிறது.

திருப்பி அனுப்பப்படுவோரைக் குறைக்க முந்தைய நாளே ஒரு படிவம். 18 வயது நிறைந்ததா? முதலாண்டு மாணவர்கள் பலருக்கு அக்டோபரில் நிறைந்திருக்காது. ஆர்வத்தோடு வந்து திரும்புவார்கள். எடை 45 கிலோவாவது இருக்கிறதா? 45 முதல் 55 கிலோ வரை 350 மி.லி.தான் எடுப்பார்கள், அதற்கு மேல் இருந்தால் 450 எடுக்கலாம். கடந்த 12 மாதத்தில் டாட்டூ குத்தியது, காது மூக்குக் குத்தியது உண்டா? கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். நேற்று இரவு தூங்கினீர்களா, காலையில் சாப்பிட்டீர்களா?

அந்தப் படிவத்துக்கு ஜூனியர் ஒருத்தி அனுப்பிய செய்தி இன்னும் குழுவில் இருக்கிறது: "அக்கா, வெயிட் 44.5 இருக்கேன், சாப்ட்டு வந்தா 45 ஆயிடும், வரலாமா?" இவர் பதில்: "வேணாம்டா. ரெஃப்ரெஷ்மென்ட் டேபிள் நீ பாத்துக்கோ, அங்க ஆள் வேணும்." எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆசை எல்லா முகாமிலும் உண்டு. அந்த அரைக் கிலோவில் உறுதியாக நின்றது சின்ன விஷயம் அல்ல.

எல்லாவற்றிலும் அதிகம் பேர் கழிவது ஹீமோகுளோபினில்தான். டெசிலிட்டருக்கு 12.5 கிராம் வேண்டும். முகாமில் இதைப் பார்க்கும் எளிய வழி மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். 1.053 ஒப்படர்த்தி கொண்ட, அதாவது தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியான நீலக் கரைசலில், சற்று உயரத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விடுவார்கள். சொட்டு 15 விநாடிக்குள் நேராகக் கீழே இறங்கினால் சரி. பாதியில் தயங்கி நின்றாலோ மேலே எழும்பினாலோ போதாது. வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் அந்தச் சிறு குப்பியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கான எல்லைக்கோடு 12, தானத்துக்கு 12.5. எனவே ரத்தசோகை இல்லாத, 12.2 உள்ள பெண்ணும் திரும்ப வேண்டியிருக்கும்.

இங்கேதான் அந்த முகாம் தவறியது. சொட்டு மிதந்ததும் "உங்களுக்கு ரத்தம் கம்மி, அடுத்தவங்க வாங்க" என்று தோழிகள் முன்னாலேயே சொல்லி அனுப்பினார்கள். சிலர் அழுதே போனார்கள். பரிசோதனை மேசையை வாசலை விட்டு விலக்கி, ஒரு திரைக்குப் பின்னால் போட்டிருக்க வேண்டும். கையில் ஒரு சீட்டு கொடுத்திருக்க வேண்டும்: அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தேவைப்பட்டால் இரும்புச்சத்து மாத்திரை அங்கேயே தருவார்கள் என்று. தானம் தர வந்த பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒன்று தெரியவருகிறது. முகாமின் பயன்களில் அதுவும் ஒன்று. அதைப் பயனாக்க ஒரு திரையும் ஒரு சீட்டும் போதும்.

மயக்கம் வருவது பெரும்பாலும் படுக்கையில் அல்ல. எழுந்து நடந்த பிறகு, ஜூஸ் மேசை அருகில். அதனால் ஹால் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். மாடிப்படியில் மயங்கினால் தலையில் அடிபடும். தானம் தருவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னால் மயக்கம் குறையும். மயங்கியவரை உட்கார வைக்கக் கூடாது, படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். கொடுத்தவர் கால் மணி நேரமாவது உட்கார வேண்டும், ஆனால் வகுப்புக்கு ஓடுவார்கள். இவர் கண்ட வழி: சான்றிதழைப் படுக்கை அருகில் தராமல், ஜூஸ் மேசையில், கால் மணி கழித்துத் தருவது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்று, இவர் தாமதமாகக் கற்றது. சிபிடிஏ (ரத்தம் உறையாமல் காக்கும் கரைசல்) உள்ள பையில் எடுத்த ரத்தச் சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரியில் 35 நாள் வைக்கலாம். பிரித்தெடுத்த பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருந்தாலும் 5 நாள்தான். ஊர் முழுக்க அக்டோபர் முதல் வாரத்தில் முகாம் நடத்தினால் நவம்பர் பாதியில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். ரத்த வங்கியிடம் "எந்த வாரம் உங்களுக்குத் தேவை?" என்று முதலில் கேட்டிருந்தால், ஒரு முகாமைக் கல்லூரிகள் மூடும் கோடை விடுமுறைக்குச் சற்று முன்பாக வைத்திருக்கலாம்.

கல்ச்சுரல்ஸ்: பெரிய பெயர், சிறிய வேலை

இணைச் செயலாளர் என்ற பட்டத்துக்குக் கீழே தோண்டினால் கிடைத்தது: சவுண்டும் லைட்டும் ஸ்டேஜும் காண்ட்ராக்டர் பொறுப்பு, பணம் பேராசிரியர் குழுவின் பொறுப்பு, விருந்தினர் முதல்வர் அலுவலகத்தின் பொறுப்பு. இவர் கையில் மேடைப் பின்புறம் மட்டும். அதில் செய்தது உருப்படியான வேலை. குழு நடனத்துக்கு 8 நிமிடம் என்றால் ஏறி இறங்க இன்னும் 3 நிமிடம். அந்த 3 நிமிடத்தை அட்டவணையில் சேர்க்காததால்தான் நிகழ்ச்சிகள் மாலைக்குள் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகின்றன. ஒலிமாசு விதிகளின்படி (2000) இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. தள்ளிப்போனால் கடைசியில் வரும் இசைக்குழுவின் நேரம் வெட்டுப்படும். இவர் எல்லாப் பாடல்களையும் பென் டிரைவில் வாங்காமல் முந்தைய நாளே ஒரே லேப்டாப்பில் வரிசை எண் போட்டு ஏற்றிவிட்டார். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நிமிடமாவது மிச்சம்.

பணத்தில்தான் கசப்பு. ஸ்பான்சர் போனில் ஒப்புக்கொண்ட தொகை நிகழ்ச்சிக்குப் பிறகு வருவதாகச் சொல்லி, பாதி பொருளாக வந்தது. இடைவெளியை மாணவர்கள் சொந்த ஜி-பேயிலிருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து யார் யாருக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நட்பு முறிந்ததுதான் மிச்சம். செய்ய வேண்டியது தெளிவு: ஸ்பான்சர் தொகை கல்லூரிக் கணக்குக்கு மட்டும், நிகழ்ச்சிக்கு முன், கடிதத்தோடு. மாணவர் கையில் சில்லறைச் செலவுக்கான முன்பணம் மட்டும், எண்ணிட்ட வவுச்சரோடு.

அரியர் எங்கிருந்து வந்தது

மூன்றாம் செமஸ்டரில் ஒரு தாள் போயிற்று. வீட்டில் சொன்ன காரணம், "எப்பப் பாரு கேம்ப், ஃபங்ஷன்." பாதி சரி. வருகைப் பதிவில் சிக்கல் இல்லை. 90 வேலை நாளில் 75 சதவீதம் என்றால் 68 நாள். 22 நாள் வரை விடலாம். ஓ.டி. கணக்கில் சேர்ந்ததால் இவர் அந்த எல்லையை நெருங்கவே இல்லை. அடி விழுந்தது இன்டர்னலில். நலப்பணித் திட்டத்தின் நாட்காட்டி செப்டம்பர் 24 தொடங்கி அக்டோபர் 2 வரை உச்சத்தில் இருக்கும்: திட்ட நாள், ரத்ததான நாள், காந்தி ஜெயந்தி. இரண்டாம் இன்டர்னல் தேர்வும் அந்தப் பக்கமே வந்தது. ஓ.டி. வருகையைக் காப்பாற்றும், எழுதாத தேர்வின் மதிப்பெண்ணைத் தராது. மறுதேர்வுக்கு அனுமதி கேட்டு ஓ.டி. கடிதத்தோடு துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுதித் தந்திருந்தால் கிடைத்திருக்கும். நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் கழித்துப் போனால் கிடைக்காது. ஜூலையிலேயே இரண்டு நாட்காட்டியையும் அருகருகே வைத்து மோதும் வாரத்தைச் சிவப்பில் குறித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

கடற்கரை நடை

இரண்டாவது உண்மையான பொறுப்பு கல்லூரிக்கு வெளியே. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரையில் முட்டையிட வரும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இரவுகளில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான நடை பலரும் அறிந்தது. இவர் இறுதியாண்டில் வார இறுதிகளில் நடந்தார். டார்ச் அடிக்காமல், அலை ஓரமாக, மணலில் ஏறி இறங்கிய தடத்தைத் தேடுவது. கூடு ஒன்றரை அடி ஆழத்தில், குடுவை வடிவில். நூறு, நூற்றிருபது முட்டைகள். ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அனுமதி பெற்ற குழுவின் மேற்பார்வையில்லாமல் முட்டையைத் தொடக் கூடாது. இட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல், அதே ஆழத்தில் குஞ்சுப்பண்ணைக் குழிக்கு மாற்ற வேண்டும். சுமார் 45 முதல் 55 நாளில் குஞ்சு வெளிவரும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அந்த வாரங்களில் இவருக்கு வந்த வேலை பதிவு: இடம், நேரம், ஓட்டின் நீள அகலம், ஆணா பெண்ணா (ஆணுக்கு வால் ஓட்டுக்கு வெளியே நீளும்). அழுகும் உடலருகே குனிந்து அளவு நாடா பிடித்து, பிழையில்லாமல் எழுதுவதற்குப் பழக்கமும் மனத்திடமும் வேண்டும். இதை "வாக்கிங் போனேன்" என்று நினைத்து ரெஸ்யூமில் விட்டுவிட்டார் என்பதை ஏற்கவே முடியவில்லை.

திருத்தி எழுதிய வரிகள்

முன்பு: "நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் தலைவி, பல சமூகப் பணிகளில் பங்கேற்பு." இப்போது: "ரத்ததான முகாமில் பதிவு, வரிசைப் பொறுப்பு, கால் மணிக்கு 7 பேர் வீதம் வகுப்புவாரி அழைப்பு முறையை வகுத்தேன், முன்தகுதிப் படிவம் தயாரித்தேன்." ஆமை நடைக்கு ஒரு வரி, மிக்ஜாம் பட்டியலுக்கு ஒரு வரி. கல்ச்சுரல்ஸ் "மேடைப் பின்புற நேர அட்டவணை" என்று சுருங்கியது. தமிழ் மன்றம் போயிற்று.

இப்படி எழுதினால் அடுத்த கேள்வி நிச்சயம்: "ஏன் 7? ஏன் 5 இல்லை?" அதற்குப் பதில் இருக்கிறது. "எது சரியாக நடக்கவில்லை?" என்றால் திரை, சீட்டு. தவறைச் சொல்லலாமா என்று தயங்கத் தேவையில்லை. என்ன மாற்றுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்காணல் அதன்பின் உரையாடலாகிவிடுகிறது.

அடுத்தவருக்கான கோப்பு

ஆய்வின் கடைசிப் பகுதி மாணவிக்காக அல்ல, ஜூனியர்களுக்காக. மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லோரும் போய்விடுவதால் ஒவ்வொரு முகாமும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இவர் இரண்டு பக்கக் கோப்பு ஒன்றை நலப்பணித் திட்ட அலுவலரிடம் கொடுத்தார். அதில்: முன்தகுதிப் படிவம், கால் மணி அழைப்பு அட்டவணை, தரைத்தள ஹாலின் வரைபடத்தில் திரை வைக்க வேண்டிய இடம், மின்சாரம் போனால் ஜென்செட் யாரைக் கேட்பது, திருப்பி அனுப்பப்படுவோருக்கான சீட்டின் வாசகம், 90, 120 நாள் கணக்குப்படி அடுத்த முகாமை எப்போது வைக்கலாம் என்ற தேதி, ரத்த வங்கியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தானம் கொடுத்தவர்களின் பெயரும் ரத்த வகையும் அடங்கிய பட்டியலைக் கோப்பில் வைக்கவில்லை. அது ரத்த வங்கியிடமும் திட்ட அலுவலரிடமும் மட்டும் இருக்க வேண்டியது, வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டிருந்த நகலையும் அழிக்கச் சொன்னார்.